பேச்சுக் குழுவைப் பழக்குதல்: ஒரு நடுநிலைப் பள்ளியின் அனுபவம்

பேச்சுப்போட்டிக்கான சுற்றறிக்கை பள்ளிக்கு வந்து சேரும் நாளுக்கும் போட்டி நாளுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்தான் இருக்கும். அதற்குள் வகுப்பில் உரக்கப் படிக்கும் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். தமிழாசிரியர் இரவோடு இரவாக மூன்று பக்கம் எழுதித் தருகிறார். பிள்ளை அதை மனப்பாடம் செய்கிறது. போட்டி முடிந்ததும் அந்தத் தாள் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. நேரம் அவ்வளவுதான் கிடைக்கிறது என்பதால் இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்காமல் ஜூன் மாதத்திலேயே ஒரு பேச்சுக் குழுவை அமைத்துவிட்டால் இந்த அவசரத்தில் பாதி குறைந்துவிடும். எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அப்படித்தான் செய்து வருகிறோம். அதன் விவரங்களைத் தமிழாசிரியர்களோடு மற்றப் பாட ஆசிரியர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

போட்டிகள் என்னென்ன என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்ததுதான். 2022-23 முதல் நடந்துவரும் கலைத் திருவிழாவில் 6 முதல் 8 வகுப்புகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகச் செல்ல முடிகிறது. தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்த நாளையொட்டி மாவட்ட அளவில் பேச்சுப்போட்டிகளை நடத்துகிறது. முதல் மூன்று பரிசுகள் ரூ.5,000, ரூ.3,000, ரூ.2,000. அத்துடன் அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தனியாக ரூ.2,000 வீதம் சிறப்புப் பரிசும் உண்டு. அண்ணா செப்டம்பர் 15, பெரியார் செப்டம்பர் 17, காந்தி அக்டோபர் 2, நேரு நவம்பர் 14 என்று நாள்காட்டியைப் பார்த்தாலே முதல் பருவமும் இரண்டாம் பருவமும் எப்படி ஓடும் என்று கணித்துவிடலாம். இந்தப் போட்டிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே மேடையில் நிற்க வேண்டியிருக்கும். நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதை மனத்தில் கொண்டுதான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும்.

குழு என்றால் ஆறு பேர்

போட்டி தனிநபர் போட்டிதான். ஆனாலும் பயிற்சி குழுவாகத்தான் நடக்க வேண்டும். ஒருவரை மட்டும் பழக்கினால் போட்டியன்று அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அது கூடப் பெரிதில்லை. ஒருவர் பேச நாம் ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிவிடும். மேடையில் அந்த முகம் இருக்காது.

எங்கள் குழுவில் ஒவ்வோர் ஆண்டும் ஆறு பேர். வகுப்புக்கு இரண்டு பேர். சத்தமாகப் பேசும் பிள்ளைகளாகவே ஆறு பேரையும் எடுப்பதில்லை. இருவர் நன்றாகக் கதை சொல்பவர்கள், இருவர் கேள்வி கேட்பவர்கள், மீதி இருவர் வகுப்பில் வாயே திறக்காதவர்கள். இந்தக் கடைசி இருவரைப் பார்த்துத்தான் சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள். முதல் மாதம் அவர்களை நான் பேசச் சொல்வதில்லை. ஒருவருக்குச் செல்பேசியின் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்வேன். மற்றவர், பேசியவர் என்ன சொன்னார் என்பதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வதும் பேச்சுதான் என்பது அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது வாரத்தில் தெரியவரும்.

நேரத்துக்கு மதிய உணவு இடைவேளையின் கடைசி இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். இலக்கிய மன்ற நாளில் முழுப் பாடவேளை. இதற்கு மேல் எங்களுக்குக் கிடைத்ததில்லை, தேவையும் படவில்லை.

ஐந்து நிமிடத்தில் எத்தனை சொல்

போட்டிக்கு வழக்கமாக ஐந்து நிமிடம் தருவார்கள். சில இடங்களில் மூன்று. எங்கள் பிள்ளைகளை நேரம் வைத்துப் பார்த்ததில், மூச்சு வாங்காமல், கேட்பவர்களுக்குப் புரியும்படி பேசினால் நிமிடத்துக்கு எண்பது முதல் தொண்ணூறு சொற்கள் போகின்றன. அப்படியானால் ஐந்து நிமிடத்துக்கு நானூறு சொற்களே அதிகம். நாம் எழுதித் தரும் மூன்று பக்கத்தில் அறுநூறு எழுநூறு சொற்கள் இருக்கும். பிள்ளைகள் ஏன் இரயில் வண்டி மாதிரி ஓடுகிறார்கள் என்பதற்கு விடை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

அந்த நானூறிலும் வணக்கம் சொல்வதற்கே ஒரு பங்கு போய்விடுகிறது. அவைத் தலைவருக்கு ஒன்று, நீதி வழுவாத நடுவர்களுக்கு ஒன்று, ஆசான்களுக்கு ஒன்று, எதிர்காலத் தூண்களுக்கு ஒன்று என்று அடைமொழியோடு வணங்கி முடிக்க ஓர் எட்டாம் வகுப்பு மாணவன் நாற்பத்திரண்டு வினாடி எடுத்துக்கொண்டான். கூடியிருந்த ஆறு பேரும் ஸ்டாப்வாட்சை எட்டிப் பார்த்தார்கள். அன்றோடு எங்கள் பள்ளியில் வணக்கம் ஒரே வாக்கியமாகிவிட்டது. மரியாதை குறைந்துவிடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நடுவர் இருக்கையில் அமர்ந்து முப்பது பிள்ளைகளின் முப்பது வணக்கங்களையும் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் பேச வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும்

தலைப்பு கிடைத்தவுடன் நாங்கள் எழுதுவதில்லை. அந்தத் தலைப்பைப் பற்றித் தெரிந்ததை ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். கேட்ட பிள்ளை மூன்று கேள்வி கேட்க வேண்டும். பதில் தெரியாத கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவைப்போம். பேச்சு அந்தக் கேள்விகளிலிருந்துதான் பிறக்கிறது.

வ.உ.சி. பற்றிய தலைப்பை எடுத்துக்கொள்வோம். எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்துவிடும். கப்பலோட்டியதும் செக்கிழுத்ததும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாப் பிள்ளையும் அதைத்தான் பேசும். ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5இல் பிறந்தார், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் கைதும், 1912இல் விடுதலை, 1936 நவம்பர் 18இல் மறைவு. ஆண்டுகளை வரிசையாகப் பலகையில் எழுதினோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 1936இலிருந்து 1912ஐக் கழித்துப் பார்த்துவிட்டு, “மிச்சம் இருபத்துநாலு வருசம் என்ன சார் செஞ்சாரு?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. பெரும்பாலான போட்டிப் பேச்சுகள் சிறை வாசலோடு முடிந்துவிடுகின்றன.

தேடினோம். சிறைத் தண்டனையால் அவருடைய வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது, வறுமையில் இருந்தார். உரிமையை மீண்டும் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வறுமைக்கு நடுவிலும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார். ஆங்கிலேயரை எதிர்த்துச் சிறை சென்றவர் தம் பிள்ளைக்கு ஓர் ஆங்கிலேயர் பெயரைச் சூட்டினார் என்பது அந்தச் சிறுமியை உலுக்கிவிட்டது. அந்தப் பெயரிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன் என்றாள். தொடங்கினாள். நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

இணையத்திலிருந்து எடுப்பதைப் பற்றி ஒரு சொல். யூடியூப் பேச்சுகளையும் வாட்ஸ்அப்பில் வரும் கட்டுரைகளையும் பிள்ளைகள் கொண்டுவருவார்கள், வரட்டும். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் “எந்தப் புத்தகத்தில்?” என்று கேட்கும் பொறுப்பு குழுவில் ஒருவருக்கு உண்டு. பாடநூலிலோ பள்ளி நூலகத்திலோ கிடைக்காத செய்தியை எங்கள் பிள்ளைகள் மேடையில் சொல்வதில்லை. தலைவர்கள் சொன்னதாக உலவும் பொன்மொழிகளில் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

யாருடைய சொல்

இரண்டாண்டுகளுக்கு முன் வட்டாரப் போட்டிக்குச் சுற்றுச்சூழல் பற்றிய தலைப்பு வந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சீமைக் கருவேலத்தைப் பற்றிப் பேச வந்தான். எங்கிருந்தோ எடுத்த உரை கையில் இருந்தது. அந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும், ஆகவே வேரோடு ஒழிப்போம் என்று முழங்கியது அந்த உரை. ஈரத்துக்கும் மலட்டுக்கும் எங்கள் அறிவியல் ஆசிரியர் ஆதாரம் கேட்டார், கிடைக்கவில்லை, நீக்கிவிட்டோம். வெளிநாட்டிலிருந்து வந்தது, ஆடுமாடு தின்னும் நெற்றுகள் வழியாகப் பரவுகிறது, கண்மாய்களை அடைத்துக்கொள்கிறது, வேறு செடிகளை வளரவிடுவதில்லை என்பவை நின்றன.

ஒழிப்போம் என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் குரல் இறங்கியது. மறதி இல்லை, உச்சரிப்பும் சரி. நான்காவது முறை நிறுத்திக் கேட்டேன். “எங்கய்யா அந்த மரத்த வெட்டித்தான சார் சம்பளம் வாங்குறாக. கரிமூட்டத்துக்குப் போறாக. அத ஒழிக்கணும்னு நான் எப்பிடிச் சார் சொல்ல?” என்றான்.

விளாத்திகுளம் பக்கம் பணிபுரியும் ஆசிரியர்களுக்குக் கரிமூட்டத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வெட்டிய கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் அல்லது இலைதழை பரப்பி, மேலே ஈரமண் பூசி, உள்ளே நாள்கணக்கில் புகைய விட்டுக் கரியாக்குவார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் பகுதியில் பல வீடுகளில் அடுப்பெரிவது இந்தக் கூலியில்தான்.

இந்த இடத்தில் ஆசிரியருக்கு இரண்டு வழி. ‘போட்டிக்குத்தானே, உரக்கச் சொல்’ என்று சொல்லலாம். பையன் சொல்லிவிடுவான், பரிசு கூடக் கிடைக்கலாம். தன் வீட்டுச் சோற்றைப் பழித்துப் பேசிப் பரிசு வாங்கிய நினைவு அவனோடு இருக்கும். அல்லது அவன் கேட்ட கேள்வியையே பேச்சாக்கலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். கண்மாய்க்குள் நிற்கும் மரம் போகத்தான் வேண்டும், தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும் என்று பேசினான். அது போன பிறகு மூட்டம் போடுகிற வீடுகளுக்கு என்ன வேலை என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அவனிடம் விடை இல்லை, என்னிடமும் இல்லை. விடை தெரிந்த மாதிரி நடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

வட்டார அளவில் இரண்டாமிடம். தலைப்பை விட்டு விலகிவிட்டான் என்று ஒரு நடுவர் கருதியதாகப் பிறகு தெரிந்தது. அது அவர் கருத்து. அதே பேச்சைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவன் மறுபடி பேசினான். அவனுடைய தந்தையும் வந்திருந்தார். முடிந்ததும் அவர் எழுந்து, “மூட்டம் பிரிக்கிற அன்னைக்குத்தான்யா கண்ணும் நெஞ்சும் எரியும். அதச் சொல்லாம விட்டுட்டானே” என்றார். அடுத்த வாரம் அந்த வரியும் பேச்சில் சேர்ந்தது.

நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் தலைப்புகளில் பலவும் இப்படிப்பட்டவைதாம். குழந்தைத் தொழிலாளர், மது, குழந்தைத் திருமணம், தூய்மை என்று எதை எடுத்தாலும் வகுப்பில் ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டைத் தொட்டுவிடும். எழுதித் தருவதற்கு முன் யாருடைய வீட்டைத் தொடுகிறோம் என்று ஒருமுறை யோசிப்பது நல்லது. சில பிள்ளைகளுக்குச் சில தலைப்பு வேண்டாம் என்று விட்டுவிடவும் வேண்டும். காரணத்தைக் கேட்டுத் துருவக் கூடாது.

நாக்குக்கு முன் காது

உச்சரிப்புப் பயிற்சி என்றாலே நாப்பிறழ்ப் பயிற்சிதான் நினைவுக்கு வருகிறது. அது விளையாட்டுக்கு நல்லது. பழத்தைப் பளம் என்று சொல்லிப் பழகிய எங்கள் தென்மாவட்டப் பிள்ளை அதே வாக்கியத்தை வேகமாகச் சொன்னால் பளமும் வேகமாக வரும், அவ்வளவுதான்.

வேறுபாட்டைக் காது பிடிக்காத வரை நாக்கு பிடிக்காது. அதனால் முதலில் அட்டைகள். வலி, வளி, வழி. அலை, அளை, அழை. விலை, விளை, விழை. மூன்று அட்டையையும் மேசையில் பரப்பிவிட்டு நான் ஒரு சொல்லைச் சொல்வேன். பிள்ளை சரியான அட்டையைத் தொட வேண்டும். பத்துக்கு எட்டு சரியாகத் தொடும் வரை அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்வதில்லை. பிறகு கண்ணாடி. லகரத்துக்கு நுனிநா மேல்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நா வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளையும், ஆனால் தொடாது. தொடாமல் நிற்பதுதான் கடினம். தொல்காப்பியத்தில் எழுத்துகள் பிறக்கும் இடத்துக்கென்றே பிறப்பியல் என்று ஓர் இயல் இருப்பதை இந்த இடத்தில் சொன்னால் பிள்ளைகள் வியந்து போவார்கள்.

மனம், மணம் இரண்டும் எங்கள் பிள்ளைகளுக்கு எளிதில் வரும். அரம், அறம் அப்படியில்லை. ரகர றகர வேறுபாடு பல வட்டாரங்களின் பேச்சில் மங்கிவிட்டது. நாஞ்சில் நாட்டுப் பக்கம் போனால் இன்றும் தெளிவாகக் கேட்கலாம். ஆகவே இதில் நான் அதிகம் வற்புறுத்துவதில்லை. வல்லினம் மிகும் இடங்களில் அழுத்தம் கொடுப்பதை மட்டும் விடுவதில்லை.

வட்டார வழக்கை மேடையில் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். பேச்சின் நடை பொதுத்தமிழில் இருக்கட்டும். ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது அவர் சொன்னபடியே சொல்லட்டும். கரிமூட்டத் தந்தையின் வரியை ‘கண்களும் நெஞ்சமும் எரியுற்றன’ என்று மாற்றியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். மேலே ஏறும்போது குரல் கீறும், மற்றவர்கள் சிரிப்பார்கள், நல்ல பேச்சாளன் ஒருவன் அன்றோடு ஒதுங்கிவிடுவான். அந்த ஆண்டில் அவனை முழங்கச் சொல்லக் கூடாது. தாழ்ந்த குரலில், நிதானமாக, மைக்கை நம்பிப் பேசப் பழக்க வேண்டும். திக்கிப் பேசும் பிள்ளைகளைப் பொறுத்தவரை, சொல்லை நாம் முடித்துவைக்காமல் இருப்பதே முதல் உதவி. ‘மெதுவாச் சொல்லு’ என்று சொல்வதும் உதவாது. சேர்ந்து படிக்கும்போது இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் திக்கல் குறைவதைப் பார்க்கலாம், அங்கிருந்து தொடங்கலாம். வட்டார வள மையச் சிறப்பாசிரியர் வழியாகப் பேச்சுப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்யக் கேட்கலாம்.

மறதிக்கும் பயிற்சி உண்டு

முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் சொல் மாறாமல் மனப்பாடம். நடுப்பகுதி ஐந்து விரலுக்கு ஐந்து செய்தி. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சொல்தான். வ.உ.சி. பேச்சில் கட்டை விரலுக்கு வாலேசுவரன், சுட்டு விரலுக்குக் கப்பல், நடுவிரலுக்கு ஆலை, மோதிர விரலுக்குச் செக்கு, சுண்டு விரலுக்குத் தொல்காப்பியம். ஒரே வாக்கியம் இரண்டு நாள் ஒரே மாதிரி வராது, வர வேண்டியதில்லை.

பேச்சின் நடுவே வேண்டுமென்றே தடங்கல் செய்வோம். ஒருவன் கதவைத் திறந்து உள்ளே வருவான், ஒருத்தி இருமுவாள், சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் உருளும் சத்தம் தானாகவே கிடைக்கும். பேசுபவர் நிறுத்தி, ஒரு மூச்சு எடுத்து, கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லி, அடுத்த விரலுக்குப் போக வேண்டும். பத்து முறை இப்படி மறந்து மீண்ட பிள்ளை மேடையில் மறந்தாலும் அழாது.

கையை எங்கே வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். தொங்க விட்டால் போதும். வானம் என்றதும் மேலே காட்டுவதும் நெஞ்சம் என்றதும் மார்பைத் தொடுவதும் சொல்லிக்கொடுத்த கை. அது நன்றாகவே தெரிந்துவிடும்.

மைக் இல்லாத பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மைக்கே பயம். சைக்கிள் பம்ப் ஒன்றை நிற்கவைத்து, அதன் பிடிக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பேசப் பழக்கினோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மேடை மைக் நெற்றிக்கு வரும். பேசத் தொடங்கும் முன் ‘கொஞ்சம் இறக்கித் தாங்க’ என்று கேட்க வேண்டும். இந்த ஒரு வரியையும் ஒத்திகை பார்க்க வேண்டும். பெரியவர்களிடம் கேட்கத் தயங்கி, மைக்குக்குக் கீழே நின்று பேசி முடித்துவிட்டு வந்த பிள்ளைகளை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன்.

போட்டி நாள்

முந்தின நாள் பயிற்சி இல்லை. அன்று காலை இட்லியோ பழையதோ, வீட்டில் வழக்கமாக உண்பதுதான். போட்டி பத்து மணிக்கு என்றால் சீட்டுக் குலுக்கி நம் பிள்ளையின் எண் வர மதியம் ஆகலாம். தண்ணீரும் கொஞ்சம் கடலைமிட்டாயும் கையில் இருக்கட்டும். பேசப்போவது ஒருவர் என்றாலும், பெற்றோர் ஒப்புதலும் தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்று முடிந்தவரை குழுவில் இன்னும் இருவரை அழைத்துச் செல்வோம்.

திரும்பும்போது பேருந்தில் நம் பிள்ளை எப்படிப் பேசியது என்று நான் பேச்செடுப்பதில்லை. இன்று கேட்டதில் யாருடைய பேச்சு நன்றாக இருந்தது, என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்பேன். பரிசு வாங்காத பேச்சுகளைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கடற்கரைப் பள்ளியொன்றிலிருந்து வந்த சிறுமி தன் பேச்சில் வலை பின்னுவதைச் சொன்ன விதத்தை எங்கள் ஆறாம் வகுப்புப் பையன் ஊர் வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தான். மறுநாள் அதையெல்லாம் குழு நோட்டில் எழுதிவைக்கிறார்கள். நோட்டு இப்போது மூன்றாவது ஓடுகிறது. புதிதாகக் குழுவில் சேரும் பிள்ளைக்கு ஜூன் மாதம் முதலில் படிக்கக் கொடுப்பது அதைத்தான்.